காலி நாற்காலியில் உட்கார்ந்தவள்

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசைக்காரிக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது போக இணையதளமும் மெயிலும் அவள் பொறுப்பு. வருகிறவர் கையெழுத்தையெல்லாம் உற்றுப் பார்ப்பவள், தன் வீட்டுச் சாவியை மட்டும் கதவிலேயே விட்டுவிட்டு வருவாள்.

டாக்டரம்மாவின் கணவர் நேர் எதிர். உலகத்தை முழுசாக நம்புவார். தூசியை மட்டும் நம்பமாட்டார். ஒரு திங்கட்கிழமை காலை மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"பழைய கணக்கெல்லாம் ஒழிச்சுட்டேன். ஏதோ டிஎன்எஸ் சேவையாம், வருஷக்கணக்கா யாரும் உள்ளயே போகல. அழிச்சாச்சு!"

"ஐயோ சார்! நம்ம வெப்சைட் எங்க இருக்கு, மெயில் எங்க போகணும்னு கேக்கறவங்களுக்குச் சொல்றதே அதுதான்."

"இனி சொல்லாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவா? வெப்சைட் பேரைப் பதிஞ்ச கம்பெனில இன்னும் 'அந்தச் சேவையைக் கேளுங்க'ன்னுதான் இருக்கு. அங்க நாற்காலி காலி. எவன் வேணும்னாலும் புதுக் கணக்கு திறந்து, நம்ம பேரைப் போட்டு உட்கார்ந்துக்கலாம். நோயாளிங்க மெயிலெல்லாம் அவனுக்குப் போகும்."

வாயைத் திறந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு டாக்டரம்மா ஓடி வந்தார். "பேரைப் பதிஞ்ச கம்பெனில வேற சேவைக்கு மாத்திடலாமே?"

"அங்க நுழையற பாஸ்வேர்டு எழுதின சீட்டையும் கிழிச்சுட்டேன்" என்றார் கணவர், மெல்லிய குரலில்.

பதிவு நிறுவனத்துக்குப் போன் போட்டார்கள். ஆவணம் காட்டி மீட்க இரண்டு நாளாகுமாம்.

"ரெண்டு நாள் காலியா கிடக்குமா?"

"கிடக்காது மேடம். நானே உட்கார்றேன்."

அதே சேவையில் தன் பெயரில் கணக்கு திறந்தாள். ஆஸ்பத்திரி வெப்சைட்டின் பெயரைத் தட்டினாள். நீ யார், எவர் என்று ஒரு வார்த்தை இல்லை, நாற்காலி கிடைத்துவிட்டது. குப்பைமேடான தன் மேசையிலிருந்து வெப்சைட்டும் மெயிலும் எங்கே என்ற பழைய விவரங்கள் அச்சடித்த தாளை உருவி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். மதியம் மெயில்கள் பொலபொலவென்று விழுந்தன. முதல் மெயில்: 'இன்று பல் பிடுங்க வர இயலாது. மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்.'

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கோபமாக இருந்தாள். "ஒரு கேள்விகூடக் கேக்கல மேடம்! நான் திருடியா இருந்தா?"

"எங்க பேரையே தூக்கிட்ட, இன்னும் என்னம்மா 'இருந்தா'?" என்றார் டாக்டரம்மா.

புதன்கிழமை பாஸ்வேர்டு கிடைத்தது. பெயர் நம்முடையதுதான் என்று நிரூபித்தால்தான் இடம் தரும் வேறொரு சேவையைப் பிடித்தாள். ஆதாரம் போதாதென்று அது அவளை இரண்டு முறை திருப்பியனுப்பியது. இரண்டாவது முறை அவள் சந்தோஷத்தில் நாற்காலியை விட்டுத் துள்ளியெழுந்தாள்.

"மேடம், என்னையே உள்ள விடமாட்டேங்குது!"