ஏழாம் நம்பர் கிணறு

எங்களுக்கு வெட்கம் என்பதே கிடையாது. மேலப்பாளையத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது எங்கள் வேதியியல் மாணவர்களின் சமூகப் பணி. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. இந்தப் பணி தொடங்கிய மூன்றாம் வருடம்தான் ஆசிரியை நான் கூடப் போனேன்.

ஒரு வீட்டுக் கிணற்றடியில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. ஒரு மாணவன் பாட்டிலை நேரே வாளிக்குள் முக்கப் போனான். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"மூணு தடவ அலசிட்டுல்லா எடுக்கணும்? மொத வருசம் வந்த பிள்ளைக அப்படித்தான எனக்குச் சொல்லிக் குடுத்தாவ."

அலசி, நிரப்பி, இறுக்கி மூடி, "ஏழாம் நம்பர்னு எழுதிக்கோ" என்றவர் என் பக்கம் திரும்பினார்.

"வருசா வருசம் கொண்டு போறிய டீச்சர். குடிக்கலாமா கூடாதான்னு ஒருத்தரும் வந்து சொல்லலியே?"

"சொல்லுதோம்மா" என்றேன்.

கல்லூரிக்கு வந்ததும் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். அட்டை போட்டு, தங்க எழுத்தெல்லாம் பொறித்து, அலமாரியில் பத்திரமாக இருந்தன. ஏழாம் நம்பரில் இரண்டு வருடமும் நைட்ரேட் அதிகம். 'குடிக்கத் தகுதியற்றது' என்று பிள்ளைகள் தெளிவாக எழுதியிருந்தார்கள். அதன் கீழே சிவப்பு மையில் 'மிக நன்று'. கையெழுத்து என்னுடையது.

அளவு தப்பாக இருக்குமோ என்று தப்பிக்கவும் வழியில்லை. முதல் வருடமே மூன்று முறை அலசக் கற்றுக்கொண்ட அந்த அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டில்கள் அவை.