டிரம்முக்கு விட்ட இடம்

டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கண்ணகி துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே அவள் அப்பா கொளஞ்சியப்பன் டிரம்பெட்டின் வால்வுகளைக் கழற்றி எண்ணெய் போட்டார். முன்பற்கள் போய் ஒன்றரை வருஷம். இனி ஊத முடியாது. எண்ணெய் போடுவதை மட்டும் அவர் விடவில்லை.

“நாளைக்கு கரியாலூர் போயிடலாம்மா. நம்ம டிரம்மு சடையன் அங்க பொண்ணு வூட்லதான் இருக்கானாம்.”

“போன மாசமும் இதான் சொன்னீங்க. அப்புறம் கரும்பு வெட்டுன்னீங்க, மலை பஸ் வரலன்னீங்க. அவரு கேசட் பதியுற அன்னிக்கு ஜொரம்னுதான வரல?”

வால்வைத் துணிமேல் வைத்தார். “ஜொரம் இல்ல. நான்தான் வுட்டுட்டுப் போனேன்.”

நைனார்பாளையத்தில் அவர்கள் தெருவில் ஒரு காலத்தில் நான்கு பேண்டு செட். அங்கே வாசித்துச் செத்தவர்களுக்காக, ஆளுக்கொரு பாட்டு வைத்து ஒரு கேசட் போட ஆசைப்பட்டார். கடைசிப் பாட்டு தெருவுக்கு. அதன் நடுவில் சடையனின் டிரம் மட்டும் தனியாக. பல் ஆடத் தொடங்கியதும் அவசரம் வந்தது. கள்ளக்குறிச்சி கேசட் கடையில் நாள் குறித்தார். அது எண்பத்தேழு செப்டம்பர்; இடஒதுக்கீடு கேட்டுச் சாலைமறியல் நடந்த வாரம்.

சைக்கிள் கேரியரில் சடையன், மடியில் டிரம். வழியில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறித்து நின்றவர்கள் எல்லாம் கொளஞ்சியப்பனின் சொந்தக்காரப் பிள்ளைகள்; சடையன் வேறு சாதி.

“பெரியப்பா, நீங்க போங்க. பின்னாடி குந்திக்கினு இருக்கறவன் எறங்கட்டும். இவன் தட்டலன்னா உங்க கச்சேரி கெட்டாப் போவும்?”

சிரித்தார்கள். சடையன் இறங்கினார்.

“நீங்க போங்கண்ணா, பல்லு காத்துக்கினு இருக்காது.”

டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழு மைல் திரும்பி நடந்தார். சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிவிட அந்தப் பிள்ளைகளே கைகொடுத்தார்கள்.

“அவனும் வரட்டும்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வுட்ருப்பானுங்க. சொல்லல.”

கேசட்டில் அந்த இடம் காலி. கண்ணகி அளந்திருக்கிறாள்: நாற்பத்திரண்டு நொடி. அப்பாவின் செருப்புக்கால் தாளம் மட்டும் கேட்கும். அவள் ஐ.டி.ஐ.யில் ரேடியோ படித்தவள். அங்கே டிரம்மை ஏற்றுவது அரைநாள் வேலை.

“மைக்க நீ எடுத்துக்கோ. பேச வேண்டியத நான் பேசிக்கிறேன்” என்றார்.

காலையில் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

சடையனுக்குச் சாவு சொல்ல யாரும் ஆள் அனுப்பவில்லை. கண்ணகியும் அனுப்பவில்லை, அந்த நேரத்தில் தோன்றவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மைக், ஒயர், கேசட் எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனாள். மலை பஸ் வந்தது, நின்றது, கிளம்பியது. அவள் ஏறவில்லை. டிரம்மை அவளால் பதிந்துவிட முடியும். அப்பா சடையனிடம் பேச இருந்ததை இன்னும் யாரும் போய்ப் பேசவில்லை.