மிதவைக்குத் தைத்த பாவாடை

பட்டறையில் அவளுக்கு நேர்கோட்டு அக்கா என்று பேர். ஆறு மீட்டர் துணியை மெஷினில் விட்டாலும் தையல் ஓரிடத்திலும் கோணாது. கடலில் விடுகிற மிதவைப் பந்துகளுக்கு அடியில் கயிற்றில் தொங்கும் நீளமான துணிக்குழாய்தான் அவள் தைப்பது. பட்டறைப் பெண்கள் அதற்குப் பாவாடை என்று பேர் வைத்துவிட்டார்கள். பாவாடை இல்லாத பந்து காற்று தள்ளும் பக்கமெல்லாம் ஓடும்; கட்டிய பந்துதான் ஆழத்துத் தண்ணீரோடு போகும். அது போகிற வழியைப் பார்த்துத்தான் நீரோட்டத்தின் வழியைக் கண்டுபிடிப்பார்கள்.

ஒருநாள் மகளின் பள்ளிச் சீருடை தோளில் கிழிந்துவிட்டது. அதைச் சாப்பாட்டு வேளையில் பட்டறை மெஷினிலேயே தைத்தாள். சொந்தத் துணி தைத்தால் வேலை போய்விடும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. மணி அடித்த பதற்றத்தில் மேல் நூலை மாற்றினாள். அடியில் நூல் சுற்றியிருக்கும் பாபினை மாற்ற மறந்து, அன்றைய கடைசிப் பாவாடையைத் தைத்துவிட்டாள். மேலே நைலான், அடியில் உப்புத் தண்ணீரில் மக்கிப்போகிற பருத்தி நூல். இரண்டும் வெள்ளை, யார் கண்ணுக்குத் தெரியும்? மறுநாள் காலை பாபினைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தாள். அந்தப் பாவாடை, எண் இருபத்தேழு, மற்ற முப்பத்தொன்பதோடு முந்தின நாள் மாலையே கப்பலேறியிருந்தது.

வீட்டுக்காரரிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. சாப்பாட்டு அறைத் திரையில் உலக வரைபடம் தெரியும். காற்றுக்கு அம்புக்குறி, மிதவைக்குப் புள்ளி. தினமும் அதன் முன்னால் போய் நின்றாள்.

"என்னக்கா, பொண்ணைக் கடலுக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்று பக்கத்து மெஷின்காரி கேலி செய்தாள்.

மிதவைகளைக் கவனிக்கும் ஆய்வாளர் ஒரு சின்னப் பெண். எப்போதாவது சாப்பிட வருவாள். கடல் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று அவளிடம் இவள் கேட்டாள். "காத்து கடலைத் தள்ளுதுக்கா. பூமி சுத்துறதால தண்ணி நேராப் போகாம வளையுது. கரை வேற மறிக்குது. அதனால ஒரு பெருங்கடலே வட்டமா சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு சுத்து வர வருஷக்கணக்கா ஆகும்."

"நடுவுல எங்கயும் நிக்காதா?"

"நிக்காது. சூட்டைச் சுமந்துக்கிட்டுக் குளிரான பக்கம் போகும், ஆறினதும் திரும்பி வரும்."

பாவம், எவ்வளவு வேலை அதற்கு என்று இவள் நினைத்தாள்.

கடலில் விட்ட ஒன்பதாம் மாதம் மிதவைக் கூட்டம் வட்டத்தோடு வளைந்து வெப்பக்கடல் பக்கம் திரும்பியது. இருபத்தேழு மட்டும் திரும்பவில்லை. காற்றின் அம்புக்குறி காட்டிய பக்கம், மற்றவற்றைவிட வேகமாக, நேராகக் கிழக்கே ஓடியது. தையல் பிரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நாலாம் நாள் ஆய்வாளர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க இருபத்தேழு ஒரு புது நீரோட்டத்தையே கண்டுபிடிச்சிருக்கு! கயித்து நுனியில கட்டின பாரம் அப்படியே தொங்குதுன்னு கருவி சொல்லுது, பாவாடை பத்திரமா இருக்கு. அடுத்த வாரம் மாநாட்டுல இதைத்தான் பேசப்போறேன்."

துணி தையலோடு பிரிந்து கந்தலானாலும் பாரம் கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அது கருவிக்குத் தெரியாது, தைத்தவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பிக்கும். ஆனால் இந்தப் பெண் நாலு பேர் முன்னால் நின்று இல்லாத நீரோட்டத்தைப் பற்றிப் பேசுவாள். பிறகு ஒருநாள் தலைகுனிந்து நிற்பாள். பெற்ற மகளாக இருந்தால் விடுவேனா என்று தோன்றியது.

"அது நீரோட்டம் இல்லம்மா, வெறும் காத்து," என்றாள். சீருடை, பாபின், பருத்தி நூல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ஆய்வாளரின் முகம் தொங்கிப்போனது. நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். இவள் திட்டு வாங்கத் தயாராக, கண்ணில் பொட்டு ஈரமில்லாமல் நின்றாள். மறுநாள் மேற்பார்வையாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்ததும், கடைசியில் ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னதோடு விட்டதும் வேறு கதை.

அன்று, திரையை விட்டுத் திரும்பி அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "ஒன்பது மாசமா இதை யார்கிட்டயும் சொல்லாம எப்படிக்கா தாங்கிக்கிட்டிருந்தீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.