மாப்பிள்ளை ஏறிய பாறை

பாறை ஏறுகிறவர்களுக்குக் கொழுப்பு என்று எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். தாலி கட்டியவளை வீட்டில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறுவதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

என் வீட்டுக்காரர் வெள்ளகோவில்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனதும், கணபதியில் இருந்த அப்பாவின் லேத் பட்டறையைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அப்பா அவரை ஒரு நாளும் திட்டியதில்லை. எங்கள் பக்கம் மரியாதைக்குப் பஞ்சம் கிடையாது. அந்த மூலையைக் கொஞ்சம் கூட்டிப்போடுங்க மாப்ளே என்பார், வேலையாட்கள் எல்லாரும் பார்க்க. இவரும் சரிங்க மாமா என்று விளக்குமாற்றை எடுப்பார். எனக்கு அவமானமாக இருக்கும். அந்தக் கோபத்தையும் இவர் மேல்தான் காட்டினேன்.

ஒரு ஞாயிறு பிடிவாதமாகக் கூடவே போனேன். மலையடிவாரத்தில் செங்குத்தாக ஒரு பாறை. போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவருடைய சிநேகிதர் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பாதி உயரத்தில், கால் வைக்க ஒன்றுமில்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு, "டேய், கயித்த உடுறா" என்று இவர் ஒரு அதட்டுப் போட்டார். என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. சிநேகிதர் மறுபேச்சில்லாமல் கயிற்றைத் தளர்த்திவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், பயமாக இல்லையா என்று கேட்டேன். விழுந்துவிடுவோம் என்ற பயம் ரொம்ப உண்டு, ஆனால் அங்கே மனுசனைக் கண்டு பயமில்லை என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் பிடிக்கவில்லை. அடுத்த வாரமும் போகக் கூடாதென்று சண்டை போட்டேன்.

அந்த மழைக்காலத்தில் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். ஒன்றுக்குப் போவதற்குக்கூட நான்தான் பாத்திரம் வைக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் பட்டறையிலிருந்து வந்த அப்பா, கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே இளநீர் சீவிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த தடவ இன்னுங் கொஞ்சம் உசரத்துல இருந்து உழுந்துருங்க மாப்ளே. பொண்ணுக்கு வயசிருக்குது, வேற எடம் பாத்துக்கலாமுங்க. இப்படி அரைகொறையாக் கெடந்தா ஆருக்கும் ஒதவாதுங்க."

இவர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, சரிங்க மாமா என்றார்.

அதுவரை விழுந்ததற்காக இவரை வெறுத்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த வெறுப்பு முழுக்க அப்பா பக்கம் திரும்பிக்கொண்டது. இந்த ஆள் பாறையில் செத்தாலும் சாகட்டும், இந்தக் கட்டிலில் சரிங்க சொல்லிச் சாக வேண்டாம் என்று நினைத்தேன். வாய்விட்டு அழக்கூடத் தோன்றவில்லை.

கட்டுப் பிரித்து நடக்கத் தொடங்கியதும், காலை இழுத்துக்கொண்டே ஒரு ஞாயிறு கிளம்பினார். நானே புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். பத்திரம் என்று சொல்லவில்லை. மத்தியானம் அப்பா இலை முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் உசரம்னு நீங்க சொன்னீங்களே, அங்கதானுங்கப்பா."

அப்பா ரசம் கேட்டார். ஊற்றினேன்.