மீன் நாத்து

செல்போன் அதிகம் வராத நாட்கள். பஸ்ஸில் பக்கத்து ஆளோடு பேச்சுக் கொடுப்போம். தேனியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வெள்ளை மீசை. கால்களுக்கு நடுவே தகர டின், அதில் குளத்தில் விட்டு வளர்க்க வாங்கிய மீன்குஞ்சுகள். அவை மூச்சுத் திணறாமலிருக்கத் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே வந்தார்.

“மீனுக்கு லக்கேஜ் போடணும்ணே,” என்றார் கண்டக்டர்.

“மீனில்லப்பா, நாத்து. கொண்டுபோயி வளக்கணும்.”

“நாத்துன்னா வயல்ல நடுறதுல்ல?”

“நெல்லும் தண்ணியிலதான நிக்குது?”

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. லக்கேஜ் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“மோட்டாருக்கும் இதே கததான். வாழைக்கு இறைச்சா விவசாயக் கரண்டு, மீனுக்கு இறைச்சா யாவாரக் கரண்டுங்கிறாக. இதுவும் விவசாயந்தான்னு டெல்லியில ஒரு சட்டம் போட்டா என்னவாம்?”

சின்னமனூர் தாண்டியும் அந்தக் கை நிற்கவில்லை. “செத்த நேரம் கையை எடுங்களேன்,” என்றேன்.

“சட்டம் வர்ற வரைக்கும் இதுக மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்காதுல்ல.”

உத்தமபாளையத்தில் நான் இறங்கும்போதும் அலசிக்கொண்டுதான் இருந்தார். பேப்பரில் மீன் வளர்ப்புச் சட்டம் என்று எதைப் பார்த்தாலும், அதில் ‘விவசாயம்’ என்ற சொல் இருக்கிறதா என்றுதான் இன்றும் முதலில் தேடுகிறேன்.