மூக்கை நம்பிப் பன்றிக்கறி விற்ற கதை

பன்றிக்கறி வியாபாரிக்குக் கத்தி மழுங்கினாலும் சமாளிக்கலாம், மூக்கு மழுங்கக் கூடாது என்று பதினோரு வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். கடையில் நின்று வசவு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள், கேளுங்கள்.

பூனையைத் தேடிய வீடு

பாளையங்கோட்டையில் கடை, ஏரல் பக்கம் பண்ணை. காயடிக்கும்போது ஆண் குட்டிகள் போடும் அலறலைத் தாங்க முடியாமல், இந்தத் தடவை அப்படியே விட்டுவிட்டேன். என்ன வளர்த்தி! கொழுப்பும் கம்மி. அதில் முதல் பன்றியை வெட்டிய ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து கறி வாங்கிப்போன டீச்சர் மத்தியானமே குக்கரோடு வந்து நின்றார். திறந்து மோந்து பார்த்தேன். மிளகு வாசம்தான் வந்தது. "நல்லாத்தானே இருக்கு டீச்சர்?" என்றேன்.

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "நல்லா இருக்கா? பூனை எங்கயோ மூத்திரம் பேஞ்சிட்டுன்னு எங்க வீட்டுக்காரவ பீரோவுக்கு அடியில தேடிக்கிட்டு இருக்காவ, அண்ணாச்சி!"

உவரி விருந்து

டீச்சர் மூக்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். அடுத்த வாரம் உவரியில், படகு வைத்திருக்கும் அந்தோணி அண்ணாச்சி மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து. ஊரெல்லாம் என் கறியைப் பற்றிப் பெருமையடித்து, விருந்துக்கு என்னிடமே கறி சொல்லியிருந்தார். அது நல்லபடி முடிந்தால் அந்தக் கடற்கரை விசேஷமெல்லாம் எனக்குத்தான். ஒவ்வொரு துண்டையும் மோந்து பார்த்துத்தான் கொண்டுபோனேன், சத்தியமாக.

அண்டா மூடியைத் திறந்ததும் பந்தியில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வெள்ளைக் கவுன் போட்ட அந்தப் பிள்ளை, "எல்லாரும் ஏம்பா போறாவ?" என்று தேம்பியது. நான் அண்டாவுக்குள் குனிந்து மோந்து பார்த்தேன். அப்போதும் ஒரு நாற்றமும் எனக்குத் தெரியவில்லை. அந்தோணி அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்தார். "ஏலே, வருஷம் பூரா மீன் கவிச்சியில கிடக்க எங்களையே மூக்கப் பொத்த வச்சிட்டியே!"

வாணலிப் பரீட்சை

மறுநாள் கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினேன். வாணலியில் கொழுப்பைப் போட்டுச் சூடாக்கினார், உடனே ஜன்னல் பக்கம் ஓடினார். நான் வாணலிமேல் குனிந்து நின்றேன். ஊஹூம்!

காயடிக்காத பன்றி பருவத்துக்கு வந்ததும், பெட்டையை மயக்க அதன் விதையில் ஒன்று சுரக்குமாம். அது கொழுப்பில் தங்கி, சூடு பட்டதும் மூத்திர வாடையாகக் கிளம்புமாம். குடலில் உண்டாகும் சாணி வாடை தனி. ஈரல் அதை அழிக்க வேண்டும், இந்த ஆண் பன்றிகளுக்கு அந்த வேலை மந்தமாம்; நல்லவேளை, என் கறியில் அது ஏறவில்லையாம். ஆனால் அந்த மூத்திர வாடை சிலருக்குப் பிறவியிலேயே தெரியாதாம். நான் அதில் ஒருத்தன்! "பதினோரு வருஷமா மோந்து பாத்துத்தானே வித்தேன்?" என்று கத்தினேன்.

டாக்டரம்மா அடுப்பை அணைத்தார். "பதினோரு வருஷமும் காயடிச்ச பன்னியைத்தானே வித்தீங்க? உங்க மூக்குக்குப் பரீட்சையே இப்பத்தான் வந்திருக்கு."

ரசம்

வீட்டுக்கு வந்து என் மனைவி கிரேஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று பார்த்தால், தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முதல் பன்றியின் கறி எங்கள் வீட்டிலும்தானே வெந்தது! "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீங்க அவ்வளவு ருசிச்சுத் தின்னுதியளே, எப்படிச் சொல்ல? நான் ரசத்த ஊத்தித் தின்னுட்டு எந்திரிச்சிட்டேன்."

விஷயத்தைக் கேட்ட அந்தோணி அண்ணாச்சி மகளுக்கு மறுபடியும் விருந்து வைக்கிறார், காயடித்த பன்றிக்கறியை என்னிடமே கேட்டிருக்கிறார், ஒரே நிபந்தனை, கறியோடு என் மூக்கு வரக் கூடாதாம், கிரேஸ் மூக்குதான் வர வேண்டுமாம்.