நீல ராஃபியா முடிச்சு

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை ரமணி எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ச்சீ அக்கா’ எங்கே என்று கேட்டுப் பாருங்கள், அந்தக் கடை வரிசை முழுக்கக் கையை நீட்டி வழி காட்டும். காலையில் கடையைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். நடைபாதையில் காறித் துப்புகிறவனுக்கு ஒரு ச்சீ. சாக்கடை ஓரத்து எலிக்கு ஒரு ச்சீ. ரொட்டி சானாய் தின்ற விரலோடு மல்லிகைச் சரத்தைத் தொட்டுப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு, முகத்துக்கு நேராகவே, ஒரு பெரிய ச்சீ. “வாங்குனா வாங்குங்க, வாங்காட்டி போங்க. கையக் கழுவிட்டு வந்து பூவத் தொடுங்க” என்பாள். இப்படிப் பேசினால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நன்றாகவே நடந்தது. நேற்றைய பூவுக்குத் தண்ணீர் தெளித்து இன்றைய பூவாக விற்கும் உலகத்தில், வாடியதைக் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் கொட்டுகிறவள் அவள். சாமிக்குப் பூ வாங்குகிறவர்கள் திட்டையும் வாங்கிக்கொண்டு அவளிடமே வந்தார்கள்.

புருஷன் வேலாயுதம் லோரி ஓட்டியவன். “ஒன் மூக்கக் கழட்டி வீட்டுல வெச்சிட்டு வந்தாத்தான் ஒரு கல்யாணத்துல நிம்மதியா சாப்பிட முடியும்” என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பான். அவன் மாரடைப்பில் போனபோது மகள் விஷ்ணுப்பிரியா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதற்குப் பிறகு மாலை கட்டித்தான் ரமணி அவளைப் படிக்க வைத்தாள். சாலாக் செலாத்தான் அடுக்குமாடி வீட்டிலிருந்து பெட்டாலிங் ஜெயாவில் உள்ள குளிர்சாதன அலுவலகத்துக்குப் போகிற அளவுக்கு மகளும் வந்துவிட்டாள்.

அந்த மகளுக்குத்தான் அந்த ச்சீ ஆகாது. அதைக் கேட்டுக் கேட்டுத் தோழிகள் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஒருமுறை பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமன் காலைச் சொறிந்த கையாலேயே வடையை எடுத்தார். ரமணியின் வாயிலிருந்து விழுந்த ச்சீயில் அந்தக் குடும்பம் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனது. வயது முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

ஆகவே ரிஷியின் சம்பந்தம் வந்தபோது மகள் முன்கூட்டியே அம்மாவை மடக்கிவிட்டாள். ரிஷி கிள்ளான்காரன். அப்பா இராமலிங்கம் துறைமுகப் பக்கம் படகு வைத்துச் சுற்றுலா நடத்துகிறவர். மகனும் அதே தொழிலில்தான். தாய் இல்லாத பையன், சிரித்த முகம். பெரியவர்கள் பேசி முடிப்பதற்கு வீடு, கோயில் எதுவும் வேண்டாமாம். தங்கள் படகிலேயே, ‘கரீபியன் சன்செட்’ என்று அவர்கள் நடத்தும் மாலைச் சவாரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இராமலிங்கம் சொல்லி அனுப்பியிருந்தார்.

“மா, இந்த ஒரு தடவ மட்டும். அங்க வந்து ச்சீ சொல்லிடாத. எனக்கு அவர ரொம்ப புடிச்சிருக்கு. இதுவும் ஒன் வாயால கெட்டுச்சுன்னா நான் என்னைக்கும் ஒன்ன மன்னிக்க மாட்டேன்.”

“நான் எங்கடி சொல்றேன்?”

“இப்பவே மூஞ்சி அப்படித்தான் இருக்கு.”

ரமணி வேலாயுதத்தின் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். அந்த ஒரு வார்த்தையில் மகளின் வாழ்க்கை தொங்குகிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் அவள் கடையைத் திறந்தாள். முதல் ஆளாக, மழிக்காத முகத்தோடு ஒரு இளைஞன் ஓடி வந்தான். “அக்கா, அம்மா சாம்பல கரைக்க கிள்ளான் போறோம். மாலைக்குச் சொல்லி வெச்ச எடத்துல ஏமாத்திட்டாங்க. கார் வெயிட்டிங் லா, கொஞ்சம் சீக்கிரம் கட்டிக் குடுங்களேன்.” மஞ்சள் செவ்வந்தி வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். “சம்பங்கியும் சேத்துக்குங்க. அம்மாவுக்கு அந்த வாசம் புடிக்கும்” என்றான். சேர்த்தாள். முடிச்சுப் போடும் நேரத்தில் நூல் தீர்ந்துவிட்டது. புது நூல்கண்டை எடுக்க உள்ளே போக அவகாசமில்லை. பூப்பெட்டியைக் கட்டி வந்த நீல ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றைக் கிழித்து முடிந்துவிட்டாள். கடைசிப் பயணத்துக்குப் போகிற மாலைக்குப் பெட்டிக் கயிறா என்று தனக்குத் தானே ஒரு ச்சீ சொல்லிக்கொண்டாள். பையன் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு கையாலும் மாலையை வாங்கி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் மகளின் காரில் கிள்ளான் போய்ச் சேர்ந்தார்கள். படகுத்துறையில் கால் வைத்ததுமே ரமணியின் கை மூக்குக்குப் போனது. மீன் குடலும் டீசலும் மூத்திரமும் கலந்த நாற்றம். பலகை இடுக்குகளில் என்னவோ வழவழவென்று கிடந்தது. கரைச் சேற்றில் குழந்தைகளின் அழுக்கு டயப்பர்கள் ஊறி உப்பி மிதந்தன. இந்த லட்சணத்துக்குப் பெயர் கரீபியன். படகுக்குப் புதுசாக நீலப் பெயின்ட் அடித்து, மேல்தளத்தில் இரண்டு பிளாஸ்டிக் தென்னை மரம் நட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் எந்த நாட்டுப் பாட்டோ கரகரத்தது. உடன் வந்த இருபது முப்பது பேரில் செராஸ் பக்கத்துக் குடும்பங்களும் இருந்தார்கள், கேமராவும் கையுமாக வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள்.

ஏறுகிறவர்களுக்கெல்லாம் படகுப் பையன்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ரிஷி தானே ஒரு மாலையை எடுத்து வந்து விஷ்ணுப்பிரியாவின் கழுத்தில் போட்டான். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்ததைப் பார்த்து ரமணிக்கே ஒரு கணம் மனசு நிறைந்தது. அவளுக்கும் ஒன்று நீண்டது.

“எனக்கு வேணாம் தம்பி. நான் பூ வெக்கிறதில்ல.”

“சம்பந்தியம்மா, வாங்க வாங்க!” இராமலிங்கம் பல்லெல்லாம் தெரிய வந்தார். சாவிக் கொத்தின் முனையால் காதைக் குடைந்து, அதைச் சட்டையில் துடைத்து, அதே கையால் கச்சான் கடலைத் தட்டை நீட்டினார். ரமணி ஒன்றே ஒன்றை எடுத்து, வாயில் போடுகிறமாதிரி காட்டி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மகள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு கிளம்பியது. அதன்பின் அவளுக்கு நேர்ந்ததெல்லாம் வதைதான். கடற்கொள்ளைக்காரன் தொப்பி ஒன்று கைமாறிக்கொண்டே வந்தது. ஒருவர் தலை வியர்வையை இன்னொருவர் தலையில் வாங்கி, அதைப் படம் வேறு எடுத்தார்கள். வாளியில் கரைத்த சிவப்பு சிராப் சர்பத்தில் ஈ ஒன்று நீந்தியது. பையன் அதை விரலால் எடுத்து எறிந்துவிட்டு, குவளையை முக்கி மொண்டான். சீவிய இளநீர் ஒன்று அவள் மடிக்கு வந்தது. மட்டையில் வெள்ளையாக, மூன்று கோடாக, என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. பூஞ்சணம் என்று நினைத்தாள். தொண்டை வரை வந்த ச்சீயை விழுங்கிக்கொண்டு காலடியில் வைத்தாள். இராமலிங்கம் வாழைப்பழத்தைத் தின்று தோலைக் கடலில் வீசினார். பின்னாலேயே காலி பிளாஸ்டிக் பையையும் வீசினார். வீசிய கையோடு ஒலிவாங்கியை எடுத்து, “நம்ம கடல சுத்தமா வெச்சிக்குவோம்!” என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் முழங்கினார்.

கடைசியில் அந்தக் கரீபியன் தீவும் வந்தது. அலையாத்திக் காடு மண்டிய ஒரு மேடு. வேர்களில் போத்தலும் செருப்பும் மாட்டித் தொங்கின. படகை நிறுத்தினார்கள். சூரியன் இறங்கியது. அதை மட்டும் குறை சொல்ல முடியாது, வானம் அவ்வளவு அழகாக இருந்தது. எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். ரிஷியும் விஷ்ணுப்பிரியாவும் கம்பியோரம் நின்றார்கள். காற்று வீசி மகளின் கூந்தலை ஒதுக்கியது.

பிடரிக்குக் கீழே, மாலையின் முடிச்சு தெரிந்தது. நீல ராஃபியா.

ரமணி எழுந்து போனாள். மாலையைக் கையில் ஏந்தி முகர்ந்தாள். டீசல் நாற்றத்துக்கு அடியில் சம்பங்கி. செவ்வந்திகளுக்கு நடுவே அவள் கட்டின வரிசை, அவள் போட்ட முடிச்சு. திரும்பிக் காலடியில் வைத்திருந்த இளநீரைப் பார்த்தாள். அந்த மூன்று கோடும் பூஞ்சணம் இல்லை. யாரோ ஒரு பிள்ளை, யாருக்காகவோ அழுதுகொண்டு பூசின விபூதி.

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். “அண்ணே, காலையில இந்த போட் எங்க போச்சு?”

இராமலிங்கம் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அருகே வந்தார். “மெதுவா பேசுங்கம்மா, டூரிஸ்ட் இருக்காங்க. காலையில சாம்பல் டிரிப், சாயங்காலம் சன்செட் டிரிப். போட்ட சும்மா கட்டிப் போட முடியுமா?”

“இந்தப் பூவு?”

“அவங்க கொண்டாறதுதான். சாவுச் சாமான யாரும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போறதில்லல்ல? கடல்ல போடாதீங்க, அசுத்தமாவுது, இங்கயே வெச்சிட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லிருவோம். நல்ல பூவு, நல்ல எளநி, நல்ல பழம். குப்பைக்கா போவணும்? நீங்களும் பூ யாவாரந்தான, ஒங்களுக்குத் தெரியாததா?”

அருவருப்பு அவளுடைய அடிவயிற்றிலிருந்து எழுந்தது. சாவின்மேல் அவளுக்கு என்றைக்கும் அருவருப்பு வந்ததில்லை. எத்தனையோ பிணத்துக்கு மாலை கட்டியிருக்கிறாள். வேலாயுதத்தின் எலும்பை வெறுங்கையால் பொறுக்கிப் பானையில் இட்டவள் அவள், அன்றைக்குக் கையைக் கழுவக்கூட மனசு வரவில்லை. அவள் குடலைப் புரட்டியது எதிரே நிற்கிற இந்த மனிதன். துக்கத்தில் தள்ளாடுகிறவர்களிடம் கடலின் பெயரைச் சொல்லிப் பிடுங்கி, கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களுக்கு அதையே ஊட்டிவிட்டு, பல்லைக் காட்டுகிற இந்த வாய். ச்சீ என்பது போதாது, காறி உமிழ்ந்திருக்கலாம்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சொல்லிடாதம்மா’ என்று அந்தக் கண்கள் கெஞ்சின. ரமணி பல்லைக் கடித்துக்கொண்டாள். மகளின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினாள்.

“விஷ்ணு, இது நான் காலையில கட்டுன மாலை. ஒரு புள்ள, அவங்கம்மா சாம்பலுக்குன்னு வாங்கிட்டுப் போச்சு.”

மாலையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, கடலில் விட்டாள். “போயிட்டு வா தாயி” என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். செவ்வந்தி கொஞ்ச நேரம் படகோடு ஒட்டிக் கிடந்து, பிறகு விலகிப் போனது.

விஷ்ணுப்பிரியாவின் கை கழுத்துக்குப் போனது. ரிஷியைப் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியாதுல்ல?”

ஆமாம், தெரியாது என்று அவன் சொல்லிவிட வேண்டுமே என்று ரமணியே வேண்டிக்கொண்டாள். அப்பன் செய்த கேவலம் அப்பனோடு போகட்டும் என்று விட்டுவிட அவள் தயாராக இருந்தாள்.

ரிஷி சிரித்தான். “ஐடியாவே என்னோடதுதான் லா. வெறும் கையோட வெல்கம் பண்ணுனா நல்லாவா இருக்கும்? ஆன்ட்டி ரொம்ப சென்டிமென்ட். பூன்னா பூதான், அதுக்கு என்ன தெரியும்? ஒனக்குன்னு அந்தக் குவியல்ல தேடி, இருக்கறதுலயே நல்லதா பாத்து எடுத்து வெச்சேன் தெரியுமா?”

விஷ்ணுப்பிரியா அவனை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். அந்தச் சிரித்த முகத்தை முதல்தடவையாகப் பார்க்கிறவள்போல் பார்த்தாள்.

“ச்சீ!” என்றாள்.

சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இராமலிங்கம் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். ரிஷி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

படகு கரை திரும்புகிற வரைக்கும் இறங்கிப் போக வழியில்லை. ஈர பெஞ்சில் தாயும் மகளும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். ரமணி கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஈரத்துணியை எடுத்து மகளின் கழுத்தைத் துடைத்துவிட்டாள். ஒட்டியிருந்த மஞ்சள் இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். துடைக்கத் துடைக்க அந்தப் பெண் விம்மி விம்மி அழுதது.

“நான் ஒண்ணும் சொல்லலியேம்மா” என்றாள் ரமணி. சத்தியத்தை நினைத்துப் பயந்துதான் சொன்னாள்.

“நீ சொல்லலம்மா” என்று மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “நான்தான் சொன்னேன்.”